தாத்தாவின் செருமல்: எழுத்து, சொல், பொருள்

தொல்காப்பியத்துக்கு 3 அதிகாரங்கள்; அதிகாரத்துக்கு 9 வீதம் 27 இயல்கள். எழுத்து எங்கே பிறக்கிறது என்பதில் தொடங்கி, தலைவி யாரிடம் எப்போது வாய் திறக்கலாம் என்பது வரை அதில் உண்டு. தாத்தாக்களின் செருமலைப் பற்றி ஒரு நூற்பாகூட இல்லை. இதை ஆசிரியரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. அவர் வீட்டிலும் ஒரு தாத்தா இருந்திருப்பார். பேரன் அந்த இயலைத் தொடங்க எழுத்தாணியை எடுத்த நேரம் பார்த்து அவர் திண்ணையில் செருமியிருப்பார். எழுத்தாணி கீழே போயிருக்கும். இது என் துணிபு. மறுப்போர் சான்று காட்டட்டும்.

விடுபட்ட அந்த இயலை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம், நீடாமங்கலத்துக்குத் தெற்கே கோரையாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு கிராமத்தின் ஓட்டு வீடு. ஆய்வுப்பொருள், அவ்வீட்டில் வாழ்ந்த என் அப்பாவின் அப்பா. முதன்மைத் தரவு அவருடைய தொண்டை. துணைத் தரவுகள்: அப்பாயி, இரண்டு மருமகள்கள், ஓர் அத்தை, ஒரு சித்தப்பா, ஒரு ஜோடி உழவு மாடு, ஒரு நெல் வியாபாரி. ஆய்வாளர் பேரனாக இருப்பது ஆய்வின் நடுநிலையைக் கெடுக்காதா என்று அவையடக்கம் இல்லாத எவரேனும் கேட்கலாம். கெடுத்திருக்கிறது. மேலே செல்வோம்.

செருமல் வேறு, இருமல் வேறு

இருமல் உடம்பு செய்வது. செருமல் ஆள் செய்வது. இந்த வேறுபாடு சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1973இல் வெளிவந்த தம் நூலில், தத்துவவாதி கில்பர்ட் ரைலிடமிருந்து ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு இதே சங்கதியைத்தான் பேசினார். ஒருவனுக்குக் கண் துடிக்கிறது, இன்னொருவன் கண்ணடிக்கிறான். படம் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாவதற்கு மருந்து போதும். இரண்டாவதற்குப் பஞ்சாயத்து கூட்ட வேண்டியிருக்கும்.

தாத்தா கீர்ட்ஸைப் படித்தவரல்லர். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆயினும் 2020 மார்ச்சில் இக்கோட்பாட்டைத் தன்னந்தனியாக வந்தடைந்தார். அப்போது நாட்டில் யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன் ஓர் இருமல் கேட்கும். கொரோனா எச்சரிக்கையை அப்படித்தான் ஆரம்பித்தார்கள். தாத்தா தம்முடைய பட்டன் போனில் சென்னையிலிருந்த சித்தப்பாவை அழைத்தார். இருமல் வந்தது. போனைக் காதிலிருந்து எடுத்து ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பதிலுக்குத் தாமும் ஒன்று விட்டார். எதிர்முனை அடங்கவில்லை, கை கழுவச் சொல்லிப் பேசிக்கொண்டே போனது. அவர் செருமலுக்கு அடங்காத குரல் ஒன்றை எங்கள் வீடு அன்றுதான் கேட்டது. “இது வெறும் இருமல்டா. இதுக்கு ஒண்ணும் தெரியல” என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டார். கீர்ட்ஸுக்கு இதைச் சொல்லப் பல பக்கங்கள் தேவைப்பட்டன.

பிறப்பியல்

எழுத்தொலிகளின் பிறப்பைக் கூறும் தொல்காப்பியர், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய மூன்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு சேர்ந்து ஒலியாகிறது என்கிறார். மொத்தம் 8 உறுப்புகள். தாத்தாவின் செருமலுக்கு ஒன்பதாவதாக மேல்துண்டு ஒன்றையும் சேர்க்க வேண்டும். அதை உதறித் தோளில் போட்ட பிறகே ஒலி வரும்.

காற்று உந்தியில்தான் பிறக்கிறதா என்பதில் இக்காலத்தார் சிலர் ஐயுறுவர். மதிய உறக்கத்தில் தாத்தாவின் வயிற்றில் தலைவைத்துப் படுத்து வளர்ந்தவன் என்ற முறையில் இதில் எனக்கு நேரடிச் சான்று உண்டு. அங்கேதான் பிறக்கிறது. ஒலி கேட்பதற்குச் சற்று முன்னால் நம் தலை விரற்கடை அளவு மேலே போகும். பிறகு இடி. பிறகு யாரோ ஒரு மருமகள் காப்பித் தண்ணி கொண்டுவருவார்.

மருத்துவம் வேறு விதமாகச் சொல்கிறது. செருமும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதிக்கொள்கின்றன. அடிக்கடி செருமினால் அவை எரிச்சலுற்று வீங்கும். வீக்கம் மறுபடி செருமத் தூண்டும். ஆகவே செருமத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், அல்லது எச்சிலை விழுங்குங்கள் என்பது மருத்துவர்களின் அறிவுரை. மன்னார்குடியில் ஒருவர் இதைத் தாத்தாவுக்குப் படம் வரைந்தே விளக்கினார். தாத்தா பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் ஒன்று செருமினார். மருத்துவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

செருமலின் தோற்றம் குறித்து எங்கள் குடும்பத்தில் இரு கோட்பாடுகள் நிலவுகின்றன. முதலாவது தாம்பூலக் கோட்பாடு. இதை நிறுவியவர் அப்பாயி. கும்பகோணம் கொழுந்து வெற்றிலையும் சீவலும் புகையிலையும் நாள் முழுக்க ஓடும் தொண்டை செருமாமல் வேறு என்ன செய்யும் என்பது அவர் வாதம். இக்கோட்பாட்டின்படி அவர் மேற்கொண்ட சிகிச்சைகள் பல: அதிமதுரம், சித்தரத்தை, தூதுவளை ரசம், பனங்கற்கண்டு போட்ட பால், சுக்கும் மிளகும் திப்பிலியும் சேர்ந்த திரிகடுகம். இந்தப் பெயரில் நல்லாதனார் ஒரு நீதிநூலே செய்திருக்கிறார். பாட்டுக்கு மூன்று நீதிகள் வைத்து நூறு பாட்டு. நூலும் சரி, சூரணமும் சரி, தாத்தாவிடம் எடுபடவில்லை.

இரண்டாவது புயல் கோட்பாடு. இதைத் தாத்தாவே சொன்னார்; அதுவும் வெகு அபூர்வமாக, தொடர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசிய ஓர் இரவில். 1952 புயலின்போது அவருக்கு 18 வயது. கொட்டகைக் கூரை பிய்ந்துகொண்டு போக, மாடுகள் அடிபட்டுச் சாகக் கூடாதென்று கயிற்றை அறுத்து விட்டிருக்கிறார்கள். விடிய விடிய வாசற்படியில் உட்கார்ந்து, இவர் கொட்டகைக்குள் நுழையும்போது வழக்கமாகச் செருமுவது போலவே செருமிக்கொண்டிருந்தாராம். காலையில் தண்ணீர்க் காட்டுக்குள்ளிருந்து மூன்று மாடுகள் அந்தத் திசை பார்த்து வந்தன. மற்றவை வரவில்லை. அந்தக் காற்றின் இரைச்சலில் ஒரு பையனின் தொண்டை எவ்வளவு தூரம் கேட்டிருக்கும் என்று ஆய்வாளனாக நான் கேட்டாக வேண்டும். பேரனாகக் கேட்கவில்லை.

இடவியல்

வேற்றுமை உருபால் சொல்லின் பொருள் மாறுவது போல, நிற்கும் இடத்தால் செருமலின் பொருள் மாறும். இதற்கு நூற்பா:

வாயிற் செருமல் வருகை உணர்த்தும்;
கொல்லைச் செருமல் விலகுக என்னும்;
கூடத்துச் செருமல் கூடா தென்னும்;
கட்டிற் செருமல் கால்வலி சொல்லும்.

யாத்தவன் நான். தளை தட்டினால் தாத்தாவிடம் முறையிடலாம்.

இதன் உரை: வாயிற் செருமல் கேட்டதும் உள்ளே சீட்டுக்கட்டு மறையும், ரேடியோவில் பாட்டு போய்ச் செய்தி வரும், சித்தப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு பெட்டி பரண் மேலே ஏறும். கொல்லைச் செருமல் நாகரிகம் சார்ந்தது. கிணற்றடியில் பெண்கள் குளித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் புளியமரம் வரும்போதே செருமத் தொடங்குவார்; உள்ளிருந்து வாளிச் சத்தம் கேட்டால் அப்படியே திரும்பிவிடுவார். கதவில்லாத கிணற்றடிக்கு அவர் தொண்டைதான் கதவு. கூடத்துச் செருமலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அது பட்டவர்களுக்குத் தெரியும்.

இரவில் வரப்பில் நடக்கும்போதும் செருமுவார். பாம்புக்காக என்பார். பாம்புக்குப் புறச்செவி கிடையாது. தரையில் எழும் அதிர்வைத்தான் அது பெரிதும் உணர்ந்துகொள்கிறது. ஆகவே விலகியது கைத்தடியின் தட்டலுக்காக இருக்க வேண்டும். பெயரைச் செருமல் தட்டிக்கொண்டது.

அளவியல்

கண்ணிமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. செருமலையும் இதே கோலால் அளக்கலாம் என்பது என் கண்டுபிடிப்புகளில் தலையாயது.

அரை மாத்திரை: ‘இங்கேதான் இருக்கேன்.’ ஒரு மாத்திரை: ‘கேட்டுச்சு.’ இரண்டு மாத்திரை: ‘போதும்.’ மூன்று மாத்திரை என்பது அளபெடை. அதை அவர் கண்டபடி செலவழிக்க மாட்டார்.

வியாபாரத்தில் இதன் பயன் பெரிது. அறுப்பு முடிந்து களத்தில் நெல் கிடக்கும். வியாபாரி ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, நாலு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து, ஈரம் இருக்கிறது என்ற முகத்தோடு 60 கிலோ மூட்டைக்கு ஒரு விலை சொல்வார். தாத்தா வானத்தைப் பார்த்து ஒரு மாத்திரை செருமுவார். வியாபாரி, “சரி, அஞ்சு ரூவா சேத்துக்குங்க” என்பார். இன்னொரு மாத்திரை. இன்னொரு அஞ்சு. இரண்டு மாத்திரைக்குப் போனால் பேரம் முறிந்தது என்று பொருள் என்பது வியாபாரிக்குத் தெரியும். அதற்குள் முடித்துக்கொள்வார். ஒரு சொல்கூடப் பேசாமல் ஒரு போக விளைச்சலை விற்றுவிட்டு வீட்டுக்கு வருவார் தாத்தா. கொள்முதல் நிலையத்தில் மட்டும் இது செல்லவில்லை. அங்கே ஈரப்பதமானி என்ற கருவி 17 சதவீதம் என்று ஒரு வரம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கருவிக்குச் செருமல் தெரியாது. 2020இல் போனுக்குத் தெரியாதது மாதிரியே.

அளபெடைக்கு உதாரணம் அத்தையின் நிச்சயதார்த்தம். பாக்கு வெற்றிலை மாற்றுகிற நேரம். பையனின் பெரியப்பா, பேச்சுவாக்கில் சொல்வது போல, பையன் வேலைக்குப் போய்வர ஒரு ஸ்கூட்டர் இருந்தால் சௌகரியம் என்றார். தாத்தா துண்டை உதறினார். மூன்று மாத்திரை. கூடத்தில் விசிறிச் சத்தம்கூட நின்றது. சற்றுப் பொறுத்து அதே பெரியப்பா, “ஆனா அவனுக்கு பஸ்லதான் பழக்கம்” என்றார். அத்தையின் மாமனார் வீட்டில் இன்றைக்கும் அந்தச் செருமலைச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

மெய்ப்பாட்டியல்

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. இவற்றில் வெகுளியும் பெருமிதமும் மிகுதியும் பயின்றுவரும். நகை உண்டு, குழந்தைகள் முன்னால் மட்டும், மூக்கு வழியாக. உவகையை இனம் காண்பதுதான் கடினம், ஏனென்றால் அது வெகுளியைப் போலவே ஒலிக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது வந்த செருமலில் நான் பயந்து கொல்லைப்புறம் ஓடிவிட்டேன். அப்பாயி கூப்பிட்டு வந்து, “அது கோவம் இல்லடா, ஒங்க தாத்தாவுக்கு மனசு நெறஞ்சா இப்படித்தான் வரும்” என்று பொருள் சொன்ன பிறகே திரும்பினேன். அவர் அதற்குள் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டிருந்தார். மாலை வரை திரும்பவில்லை. பட்டியல் டீக்கறையோடு வந்தது.

உவகையின் உச்சத்தை மேட்டூரோடு சேர்த்தே பேச வேண்டும். மேட்டூர் அணை 1934இல் பாசனத்துக்கு வந்தது. தாத்தா பிறந்ததும் அதே ஆண்டு. ஆகவே அணையைத் தம் வயதுக்காரன் என்ற உரிமையில்தான் விசாரிப்பார். மாலைச் செய்தியில் நீர்மட்டம் சொல்லும் நேரம், “நம்ம ஆளு எப்படி இருக்கான்?” என்பார். முழு நீர்மட்டம் 120 அடி. 90ஐத் தாண்டியிருந்தால் ஜூன் 12இல் குறுவைக்குத் திறப்பார்கள் என்ற நம்பிக்கை. 90க்கு மேலே ஒரு மாத்திரை; கீழே என்றால் மௌனம். பல வருடம் மௌனம்தான். குறித்த தேதி வரும், போகும். தண்ணீர் பிந்தி வரும். 8 ஆண்டுகள் இப்படியே கழிந்து, 2020 ஜூன் 12இல் அந்த நாளிலேயே மதகைத் திறந்தார்கள். செய்தி கேட்டதும் தாத்தா செருமினார். அவருக்கு 86 வயது, கொரோனா காலம், தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்தினார்கள். உவகை என்பதா, பெருமிதம் என்பதா என்று என்னால் அதை வகைப்படுத்த முடியவில்லை. வயதுக்காரன் எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று ஒருவருக்கு வருகிற தெம்புக்குத் தொல்காப்பியர் தனிப்பெயர் வைக்கவில்லை.

உரையியல்

மூலத்தைவிட உரைதான் பெரிது என்பது தமிழ் மரபு. தொல்காப்பியம் முழுமைக்கும் உரை கண்டவர் இளம்பூரணர். சேனாவரையர் சொல்லதிகாரத்துக்கு மட்டும் எழுதினார். எங்கள் வீட்டில் அப்பாயிதான் இளம்பூரணர். எந்தச் செருமலுக்கும் தயங்காமல் பொருள் சொல்வார். சித்தப்பா சேனாவரையர், தமக்குத் திட்டு விழும் பகுதிக்கு மட்டும் உரை செய்வார், அதுவும் குற்றம் தம்மேல் வராதபடி. அம்மா எழுதியது அடுப்படி உரை: உப்பு கூட, உப்புக் குறைய, இன்னொரு கரண்டி. அத்தை எதற்கும் மறுப்புரைதான். அப்பாயியும் அத்தையும் ஒரே செருமலுக்கு வேறு வேறு பொருள் சொல்லி அரை நாள் சண்டை போட்டதுண்டு. தாத்தா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அவரைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாமே என்று இருவருக்கும் தோன்றாது. மூலநூலாசிரியரிடம் பொருள் கேட்கும் வழக்கம் உரையாசிரியர்களுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இரவுச் செருமல் ஒன்று உண்டு. வீட்டு வேலையெல்லாம் முடிந்து விளக்கு அணைந்த பின், திண்ணைக் கட்டிலிலிருந்து அரை மாத்திரை வரும். அடுப்படியிலிருந்து அப்பாயி ஒரு செம்பைத் தரையில் ‘டங்’கென்று வைப்பார். அவ்வளவுதான். இது வினா, அது விடை. என்ன வினா, என்ன விடை என்று அப்பாயியிடம் கேட்டேன். இதற்கு மட்டும் உரை சொல்ல மறுத்துவிட்டார். அவர் காலமான பிறகும் சில வாரங்கள் திண்ணையிலிருந்து அந்த அரை மாத்திரை வந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த அத்தை ஒருநாள், எல்லாவற்றுக்கும் மறுப்புரை எழுதும் அதே அத்தை, எழுந்துபோய் ஒரு செம்பை எடுத்துச் சத்தமாகத் தரையில் வைத்தார்.

தரவு திரட்டலில் நேர்ந்த இடர்கள்

‘கவனிப்போர் முரண்’ என்று ஒன்றை மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1972இல் எடுத்துரைத்தார். கவனிக்கப்படாதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று அறிய வேண்டும். ஆனால் அறிவதற்குக் கவனித்தாக வேண்டும். இம்முரணை நான் டேப் ரெக்கார்டரோடு சந்தித்தேன். சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டை மாட்டிக்கொண்டு, “அனைவருக்கும் வணக்கம்” என்றார். பிறகு உரம் விலையைப் பற்றி மேடைத் தமிழில் பேசினார். ஒரு பக்கம் ஓடி முடியும் வரை தொண்டை கண்ணாடி மாதிரி சுத்தம். நாடா தீர்ந்து பொத்தான் ‘டக்’கென்று எழும்பியதும் செருமினார்.

ஏடு தேடுவோருக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கள் தஞ்சை மண்ணில், உத்தமதானபுரத்தில் பிறந்த உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தார். ஏட்டைக் கறையான் தின்றாலும் மிச்சம் நாலு வரியாவது கிடைக்கும். இங்கே தமிழ்த் தாத்தாவே வந்தாலும் என் தாத்தாவிடமிருந்து ஒரு மாத்திரை வாங்கியிருக்க முடியாது.

திசைச்சொல்

ஒருமுறை சென்னையில் சித்தப்பாவின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். மணிப்பொத்தானைத் தொடாமல் கதவின் முன் நின்று செருமினார். உள்ளே குளிர்சாதனம், தொலைக்காட்சி. மீண்டும் செருமினார். எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு பெண்மணி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கீழே காவலாளி மட்டும் அவர் வந்ததுமே எழுந்து நின்று வணக்கம் வைத்திருக்கிறார். விசாரித்ததில் அவருக்குச் சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். மொழியின் பரப்பெல்லை எதுவரை என்பதற்கு இதைவிடத் துல்லியமான வரைபடம் இல்லை. வாரம் தாங்கவில்லை, ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

ஒழிபு

அழியும் மொழிகளை யுனெஸ்கோ தரவரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. அதில் மரண விளிம்பில் இருக்கும் மொழி என்பதற்கு இலக்கணம் இது: பேசுவோரில் மிக இளையவர்களே தாத்தா பாட்டிகள், அவர்களும் அரைகுறையாக, எப்போதாவதுதான் பேசுவார்கள். இந்த அளவுகோலைச் செருமலுக்கு வைத்தால், அது தோன்றிய நாளிலிருந்தே மரண விளிம்பில்தான் இருக்கிறது. புயலிரவில் செருமிய என் தாத்தாவைப் போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, தாத்தா ஆனபின் அல்லாது இம்மொழியை யாரும் பேசத் தொடங்குவதில்லை. தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். போன தீபாவளிக்கு, ஓய்வுபெற்று ஊரோடு தங்கிவிட்ட என் அப்பா கொல்லைப் பக்கம் புளியமரத்தடியில் நின்று செருமினார். கிணற்றடிக்கு இப்போது தகரக் கதவு போட்டாயிற்று. செருமத் தேவையே இல்லை. என் மகள் கையிலிருந்த போனைச் சட்டென்று தலையணைக்கடியில் வைத்தாள். இரண்டு மாத்திரைகூட இருக்காது. உச்சரிப்பும் இன்னும் பண்படவில்லை. யுனெஸ்கோவுக்குத் தகவல் தெரிவிக்க வேண்டியதில்லை.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலும் இம்மொழி பேசுவோர் இருந்தால், உடனே இருமல் மருந்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள். எங்கே நின்று செருமினார், எத்தனை மாத்திரை, எழுந்து ஓடியது யார் என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். டேப் ரெக்கார்டர் மட்டும் வேண்டாம். உரம் விலைதான் பதிவாகும்.